குழு நேரத்தில் எதைச் செய்வது? பண்பு வளர்க்கும் ஐந்து வழிகள்: ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பரில் தொடங்கப்பட்ட ‘மகிழ் முற்றம்’ திட்டம் மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்து குழுக்களாகப் பிரித்து, அவற்றுக்குப் பொறுப்பாசிரியர்களையும் அமர்த்தியிருக்கிறது. தனியார் பள்ளிகளில் ‘ஹவுஸ்’ என்ற பெயரில் இத்தகைய ஏற்பாடு நெடுநாளாகவே உண்டு. குழுவை அமைப்பது எளிது. அது கூடும் நேரத்தை எதற்குச் செலவிடுவது என்பதுதான் கடினம். நீதிபோதனை, மதிப்பெண் போட்டி, தருமசங்கட விவாதம், வட்ட உரையாடல், தொண்டு ஆகிய ஐந்தும் பொறுப்பாசிரியரின் முன் உள்ள வழிகள். அவை ஒன்றுக்கொன்று மாற்றாக அமைபவை அல்ல என்றாலும், வாரத்துக்கு ஒரு பாடவேளைக்கு மேல் கிடைக்காதபோது அவற்றுள் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

நீதிபோதனைக்குச் செலவு இல்லை, முன்தயாரிப்பும் குறைவு. ஆசிரியர் ஒரு கதை சொல்வார், அதன் நீதியையும் அவரே சொல்லிவிடுவார். அமெரிக்காவில் ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே இருவரும் பத்தாயிரம் பிள்ளைகளுக்கு மேல் ஆராய்ந்து 1928 முதல் 1930 வரை வெளியிட்ட முடிவுகள் இந்த வழிக்குச் சாதகமாக இல்லை. தேர்வில் ஏமாற்றாத பிள்ளை விளையாட்டில் ஏமாற்றக்கூடும் என்றும், நேர்மை பெருமளவு சூழலைப் பொறுத்தே மாறுகிறது என்றும், அறப்போதனை கேட்ட பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் நேர்மையாக நடக்கவில்லை என்றும் அவர்கள் கண்டார்கள்.

குழுக்களுக்குப் புள்ளி கொடுத்து ஒன்றோடொன்று போட்டியிட வைக்கும் மதிப்பெண் போட்டி, வருகைப்பதிவு, தூய்மை போன்றவற்றில் விரைந்து பலன் காட்டும். ஆனால் 1973இல் மார்க் லெப்பரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் மழலையர் பள்ளி ஒன்றில் நடத்திய சோதனையில், பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைக்கப்பட்ட பிள்ளைகள், பின்னர் பரிசு இல்லாத நேரத்தில் வரைவதில் முன்னைவிடக் குறைந்த நாட்டம் காட்டினார்கள். தண்ணீர்க் குழாயை மூடுவதற்குப் புள்ளி கொடுக்கலாம்; நண்பனுக்கு ஆறுதல் சொன்னதற்குப் புள்ளி கொடுக்கத் தொடங்கினால், பொறுப்பாசிரியரின் கண்ணில் படும்படி ஆறுதல் சொல்லும் பழக்கமே வளரும்.

தருமசங்கட விவாதம் இவ்விரண்டிலிருந்தும் அடிப்படையில் வேறுபட்டது. அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் புகழ்பெறச் செய்த ஹைன்ஸ் கதையில், மனைவி உயிருக்குப் போராடுகிறாள். 200 டாலர் அடக்கவிலையுள்ள மருந்துக்கு மருந்துக்கடைக்காரர் 2,000 டாலர் கேட்கிறார். கணவனால் 1,000 டாலர்தான் திரட்ட முடிகிறது. அவன் திருடலாமா? மோஷே பிளாட், கோல்பர்க்குடன் சேர்ந்து 1975இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய விவாதங்களைத் தொடர்ந்து நடத்தும்போது மாணவர்களில் ஒரு பகுதியினரின் அறச்சிந்தனை அடுத்த படிக்கு நகர்வதைக் காட்டியது. நம் பிள்ளைகளுக்கு ஹைன்ஸ் தேவையே இல்லை என்பது என் எண்ணம். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மைக்குச் சமம் என்கிறது 292ஆம் குறள். தன் நெஞ்சு அறிந்ததைப் பொய்க்காதே, பொய்த்தால் தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்கிறது அடுத்த குறள். காலை வணக்கக் கூட்டத்தில் ஒப்பித்துவிட்டுக் கடந்துபோகும் இவ்விரண்டையும் அருகருகே வைத்து, ‘வேலைக்குப் போனதால் பள்ளிக்கு வராத நண்பனைப் பற்றி ஆசிரியர் கேட்டால், காய்ச்சல் என்று சொல்லலாமா?’ என்று வினவினால், ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடவேளை போதாது. இங்கே ஆசிரியருக்கு உரிய கட்டுப்பாடு ஒன்றே: தம் விடையைச் சொல்லக் கூடாது. பழக்கத்தால் இது பலருக்கும் கைகூடுவதில்லை. ஐந்தாவது நிமிடத்திலேயே விவாதம் நீதிபோதனையாகிவிடுகிறது. இன்னொரு குறையும் உண்டு. நன்றாக வாதிடுகிறவர் நன்றாக நடப்பார் என்பதற்கு உறுதியில்லை.

வட்ட உரையாடலில் எல்லோரும் வட்டமாக அமர்ந்து, கையில் ஒரு பொருளை வாங்கியவர் மட்டும் பேச, மற்றவர்கள் கேட்கிறார்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையின் குரல் கேட்பது இங்கேதான். பேச விரும்பாதவர் பொருளை அடுத்தவருக்குக் கொடுத்துவிடவும் உரிமை உண்டு. பன்னிரண்டு பேர் இருக்கும்போது சிறப்பாக நடக்கும் இது, நாற்பது பேர் ஆளுக்கொரு நிமிடம் பேசினாலே பாடவேளையைத் தின்றுவிடும். இதைவிடப் பெரிய எச்சரிக்கை, ‘இங்கே பேசுவது வெளியே போகாது’ என்று ஆசிரியர் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது. ஒரு பிள்ளை பாலியல் துன்புறுத்தலைப் பற்றிச் சொன்னால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐயும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். இந்த ஆயத்தம் இல்லாதவர் வட்டத்தைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

தொண்டுக்கு நம்மிடம் நீண்ட மரபு உண்டு. காந்தி நூற்றாண்டான 1969இல் பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம் பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் வழக்கம். குழு நேரத்துக்கு முகாமைவிட அந்தத் தொடர்பணியே சிறந்த முன்மாதிரி. ஒருநாள் பேரணியும் மரம் நடுவிழாவும் படத்துக்கு நன்றாக இருக்கும். நட்ட கன்றுக்கு மே மாதத்தில் தண்ணீர் ஊற்றுவது யார் என்ற கேள்வியில்தான் பொறுப்புணர்வு சோதிக்கப்படுகிறது. நூலகப் புத்தகங்களை அடுக்குதல், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்க உதவுதல் போன்ற சிறிய, முடிவில்லாத வேலைகள் இதற்கு மிகவும் ஏற்றவை. ஒரே ஒரு நிபந்தனை, தூய்மைப் பணியைத் தண்டனையாகவோ குறிப்பிட்ட சில பிள்ளைகளின் பங்காகவோ ஆக்கிவிடக் கூடாது. சாதி எங்கே ஒளிந்து நுழையும் என்று ஆசிரியர் விழிப்போடு இருக்க வேண்டும்.

ஆகவே, என் தேர்வு தொண்டும் விவாதமும் சேர்ந்த இணை. அதிலும் தொண்டுக்கே முதலிடம். வாசிக்க உதவப் போனவன் இரண்டு நாள் வரவில்லை, அவன் பங்கை யார் செய்தார்கள், அது நியாயமா என்பதே அடுத்த வார விவாதத்துக்குப் பொருளாகிறது. கற்பனையான கதைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை, சொன்னதும் செய்ததும் ஒன்றா என்பதைக் குழுவே பார்த்துக்கொள்ளும். குழு சிறியதாகவும் ஆசிரியர் ஆயத்தமாகவும் இருந்தால் மாதம் ஒருமுறை வட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். திட்டம் கேட்கும் புள்ளிகளை வருகைக்கும் விளையாட்டுக்கும் மட்டும் கொடுத்து, புள்ளிப் பட்டியலில் தொண்டுக்கான கட்டத்தில் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே எண்ணை எழுதிவிடலாம்.