பாரிஸ் மேடையில் மூன்று வழிகள்: ஸ்டெல்லா மெக்கார்ட்னி, மரீன் செர், க்ளோயே

சூழலைக் கெடுக்காத உயர்ரக உடை என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது பாரிஸ் ஃபேஷன் வீக்கின் ஒரு சீசன்தான். 2021 செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை நடந்தது. காட்டியதெல்லாம் 2022 கோடைக்கான உடைகள். அந்தச் சில நாட்களுக்குள் மூன்று பெண் டிசைனர்கள் ஒரே சிக்கலை மூன்று பக்கத்திலிருந்து பிடித்தார்கள். ஸ்டெல்லா மெக்கார்ட்னி புதுப் பொருளைத் தேடிப் போனார். மரீன் செர், யாரோ உடுத்திக் கழித்த துணியைக் கையில் எடுத்தார். அப்போது பிரெஞ்சு ஃபேஷன் வீடான க்ளோயேவின் தலைமை டிசைனராக இருந்த கேப்ரியேலா ஹெர்ஸ்ட், கம்பெனி சரக்கு வாங்கும் முறையையே மாற்றினார். மூவருக்கும் ‘சஸ்டெயினபிள்’ என்று ஒரே முத்திரை குத்துகிறார்கள். அது சரியில்லை. ஒவ்வொரு வழிக்கும் பலம் வேறு, ஓட்டை வேறு.

ஸ்டெல்லாவிலிருந்து தொடங்குவதுதான் முறை. மற்ற இருவருக்கும் வழி திறந்துவிட்டவர் அவர். 2001-ல் சொந்த பிராண்ட் தொடங்கிய நாளிலிருந்து தோல், ஃபர், இறகு எதையும் அவர் தொட்டதில்லை. இதன் கனம் புரிய வேண்டுமென்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய ஃபேஷன் வீடுகள் பலவற்றுக்குச் சோறு போடுவது கவுன் அல்ல, கைப்பை. கைப்பை என்றால் தோல். அந்த வருமானத்தை முதல் நாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 2009-ல் தோலே இல்லாத ஃபாலபெல்லா பையைக் கொண்டுவந்து அதை உலகமே வாங்கும்படி செய்தார். இருபது வருடத்துக்கு மேல் ஒரு விதியை விடாமல் காப்பாற்றுவது சாதாரண விஷயமில்லை.

அந்த சீசனில் அவர் மேடையேற்றிய ஃப்ரேம் பை, மைலோ என்ற பொருளால் ஆனது. காளானுக்கு அடியில் படர்கிறதே, அந்த வெள்ளை இழையைத் தட்டுகளில் வளர்த்து, விரிப்பாக எடுத்து, தோல்போலப் பதப்படுத்துவார்கள். தயாரித்தது கலிஃபோர்னியாவின் போல்ட் த்ரெட்ஸ் நிறுவனம். 2022-ல் நூறு பைகள் விற்பனைக்கு வந்தன. 2023-ல், பணம் திரட்ட முடியாமல், அந்த நிறுவனம் மைலோ உற்பத்தியை நிறுத்திவைத்தது. ஸ்டெல்லா வழியின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. டிசைனர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், யாரோ ஒரு ஆய்வகத்தின் வங்கிக் கணக்கைப் பொறுத்துத்தான் அடுத்த கலெக்‌ஷன். இன்னொன்று, திராட்சைச் சக்கை, ஆப்பிள் சக்கை என்று வரும் ‘தாவரத் தோல்’களில் பெரும்பாலானவற்றை இறுக்கிப் பிடித்திருப்பது பாலியூரித்தேன், அதாவது பிளாஸ்டிக். மாட்டுத் தோலைவிட அதுதான் மேல் என்றே நினைக்கிறேன். ஆனால் மண்ணில் மக்கிவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

அடுத்தது மரீன் செர். என் மனம் இவர் பக்கம்தான் சாய்கிறது. ஆடம்பரப் பொருள் குழுமமான எல்விஎம்ஹெச் இளம் டிசைனர்களுக்குத் தரும் பரிசை 2017-ல் வென்ற பிரெஞ்சுப் பெண். பிறைநிலா அச்சிட்ட, உடலோடு ஒட்டிய சட்டைகளைப் பார்த்திருப்பீர்கள், அவை இவருடையவை. ஆனால் இவருடைய உண்மையான வேலை அதுவல்ல. 2018-ல் பாரிஸில் நடத்திய முதல் ஷோவிலேயே பழைய பட்டு ஸ்கார்ஃப்களைச் சேர்த்துத் தைத்த கவுன்கள் வந்தன. 2021-ல் காட்டிய கலெக்‌ஷனில் வீட்டு மேஜைவிரிப்பு, சமையலறைத் துண்டு எல்லாம் உடையாகியிருந்தன, பழைய ஸ்பூனும் ஃபோர்க்கும்கூட நகையாகியிருந்தன.

பழைய துணியில் உடை தைப்பது புதிதா என்று கேட்கலாம். புதிதில்லை. கல்லூரி முடித்த எந்த டிசைனரும் ஒரு உடை அப்படித் தைத்துக் காட்டிவிடுவார். ஒரே டிசைனை நூறு செய்யச் சொல்லுங்கள், அங்கேதான் சிக்கல். வழக்கமான ஆலையில் துணியை அடுக்கடுக்காகப் போட்டு ஒரே வெட்டில் நூறு துண்டு எடுப்பார்கள். பழைய ஸ்கார்ஃபில் அது நடக்காது. ஒன்றின் அளவு வேறு, கனம் வேறு, கறை இருக்கும் இடம் வேறு. வாங்கி, தரம் பிரித்து, துவைத்து, கறையையும் கிழிசலையும் ஒதுக்கிவிட்டு ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். செர் கண்டுபிடித்த வழி எளிமையானது. வெட்டும் பேட்டர்னை மாற்றாமல் வைத்துக்கொண்டு, துணியை மட்டும் மாற விட்டார். அதனால் ஒரே மாடல் கவுன் பல கடைகளில் தொங்கும், ஆனால் இரண்டு கவுன் ஒன்றுபோல இருக்காது. 2022 மார்ச்சில் பாரிஸின் லஃபாயெத் ஆந்திசிபாசியோன் கலை அரங்கில் நடந்த ஷோவோடு, இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதையும் காட்சிக்கு வைத்தார். மூலப்பொருளை மறைக்காமல் முன்னால் வைத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

பழைய துணிக்கு நான் இவ்வளவு மதிப்பெண் போடக் காரணம் சாயம். நெய்து, சாயம் போட்டு முடித்த துணி அது. மறுபடி சாயம் வேண்டியதில்லை. புதுத் துணிக்குச் சாயம் போட்டால் ஆற்றுக்கு என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும், அதற்கு முன் நொய்யல் இருந்த கோலத்தையும் பார்த்தவர்கள் நாம்.

செரிடமும் குறை உண்டு. அதிகம் பேர் வாங்கும் அந்தப் பிறைநிலாச் சட்டை பழைய துணி அல்ல, நீளும் செயற்கை இழைத் துணி. துவைக்கும்போது நுண்ணிய பிளாஸ்டிக் இழை உதிரும். பழைய மேஜைவிரிப்பில் வந்த கவுன் புகழைச் சம்பாதிக்கிறது, செயற்கை இழைச் சட்டை காசைச் சம்பாதிக்கிறது. இந்த விகிதம் மாறும்வரை முழு மதிப்பெண் கொடுக்க மாட்டேன்.

க்ளோயே கதை வேறு மாதிரி. உருகுவே நாட்டுப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்த ஹெர்ஸ்ட் 2020 டிசம்பரில் அங்கே பொறுப்பேற்றார். 2021 மார்ச்சில் வந்த முதல் கலெக்‌ஷனிலேயே புது பாலியெஸ்டரும், மரக்கூழில் செய்யும் விஸ்கோஸும் போயின. உடைகளுக்கான பட்டில் பாதிக்கு மேல் இயற்கை வேளாண்மையிலிருந்து, பின்னலாடைக்கான காஷ்மீர் ஆட்டு ரோம நூலில் 80 சதவீதத்துக்கு மேல் மறுசுழற்சியிலிருந்து வந்ததாக நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் பி கார்ப் சான்றிதழும் வந்தது. சம்பளம், நிர்வாகம், சூழல் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கும் சான்றிதழ் அது. ஆடம்பர ஃபேஷன் வீடுகளில் முதலில் பெற்றது க்ளோயேதான். 2023-ல் உடைகளுக்கு டிஜிட்டல் அடையாளமும் வந்தது. ஸ்கேன் செய்தால் துணியின் பூர்வீகம் தெரியும், மறுவிற்பனைக்கும் வழி உண்டு.

இவ்வளவு செய்தும் ஏன் க்ளோயேவைக் கடைசியில் வைக்கிறேன்? ஹெர்ஸ்ட் 2023-ல் விலகினார். அடுத்து வந்த டிசைனர் செமெனா கமாலியின் முதல் ஷோ 2024 பிப்ரவரியில் நடந்தபோது, பேச்செல்லாம் ஃப்ரில்லையும் லேஸையும் 70-களின் பாணியையும் பற்றித்தான். சான்றிதழ் அலுவலகத்தில் இருக்கும், உடையில் தெரியாது. தலைமை மாறினால் பேச்சும் மாறிவிடும். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு பெரிய கம்பெனி தன் பட்டுத் துணியையும் கம்பளியையும் மாற்றி வாங்கினால் மிச்சமாகும் அளவு, செர் தைக்கும் ஸ்கார்ஃப் கவுன்களால் மிச்சமாவதைவிட அதிகமாக இருக்க வாய்ப்புண்டு.

விலையைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம், மூன்றுமே சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதவை. மேடையில் பார்த்து என்ன கற்றுக்கொள்ளலாம் என்பதற்குத்தான் இந்த ஒப்பீடு. உடை என்றால் என் வரிசை: செர், ஸ்டெல்லா, க்ளோயே. பையும் செருப்பும் என்றால் ஸ்டெல்லாதான் முதலில். அந்த இரண்டிலும் தோலே இல்லாமல் இத்தனை வருடம் தாக்குப்பிடித்தவர் மூவரில் அவர் ஒருவர்தான்.