சினாட்ராவின் ‘ஒன்லி த லோன்லி’: பழைய இசைத்தட்டா, 2018 மறுவெளியீடா?

அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் ‘ஒன்லி த லோன்லி’ ஆல்பத்தை இன்று வாங்க நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. 1958இல் கேப்பிட்டல் நிறுவனம் வெளியிட்ட மோனோ (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்) இசைத்தட்டைப் பழைய ரெக்கார்டு கடைகளில் தேடிப் பிடிக்கலாம். 1980களிலிருந்து வந்துகொண்டிருக்கும் ஸ்டீரியோ (இடம், வலம் என்று இரண்டு தடம்) சிடிகளில் ஒன்றை மலிவாக எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் 60 ஆண்டு நிறைவுக்காக 2018இல் வெளியான இரட்டை சிடியை வாங்கலாம். மூன்று வகையும் என் அலமாரியில் இருக்கின்றன. நான் எடுத்துப் போடுவது பெரும்பாலும் 2018 பதிப்பைத்தான். அதிலும் அட்டையில் பெரிதாகச் சொல்லியிருக்கும் புது ஸ்டீரியோ கலவையைவிட (குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துச் சேர்ப்பதுதான் கலவை, ‘மிக்ஸ்’), கூடவே கொடுத்திருக்கும் பழைய மோனோ கலவைதான் என் தேர்வு.

ஆல்பத்தை அறிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். 1958 மே, ஜூன் மாதங்களில் ஹாலிவுட்டில் கேப்பிட்டல் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. சினாட்ராவுக்கு அப்போது 42 வயது. நடிகை அவா கார்ட்னருடனான மணமுறிவு முந்தைய ஆண்டுதான் முடிந்திருந்தது. இசையமைப்பை ஒழுங்கு செய்த நெல்சன் ரிடிலோ தாயையும் கைக்குழந்தையாக இருந்த மகளையும் இழந்த துக்கத்தில் இருந்தவர். ரிடில் பாடகர் நாட் கிங் கோலோடு கச்சேரிப் பயணம் போயிருந்தபோது வயலின் கலைஞர் ஃபீலிக்ஸ் ஸ்லாட்கின் வாத்தியக் குழுவை நடத்தினார். பன்னிரண்டு பாட்டுகள், எல்லாமே பிரிவும் தனிமையும். இவ்வளவு சோகமான ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதனால் நமக்கு ஒரு வசதி: பழைய இசைத்தட்டு அரிய பொருள் இல்லை. லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போன தட்டு அது.

ஆனால் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. போன வீடுகளிலெல்லாம் அதைப் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

விலை, கிடைக்கும் இடம், அட்டையின் அழகு இவையெல்லாம் எவரும் ஊகிக்கக்கூடியவை. அட்டையில் பழைய இசைத்தட்டை மிஞ்ச எதுவும் இல்லை. சினாட்ராவைச் சோகமான கோமாளியாக நிக்கோலஸ் வோல்ப்பி தீட்டிய அந்த ஓவியம், 1959இல் நடந்த முதல் கிராமி விழாவில் சிறந்த ஆல்பம் அட்டைக்கான விருதைப் பெற்றுத்தந்தது. பன்னிரண்டு அங்குலத்தில் பார்க்க வேண்டியதை சிடி உறையில் பார்ப்பது பரிதாபம். சரி, அது போகட்டும். என் தீர்ப்பைத் தீர்மானித்தது வேறொன்று: பன்னிரண்டாவது பாட்டு எப்படிக் கேட்கிறது என்பது.

அந்தப் பாட்டு ‘ஒன் ஃபார் மை பேபி’. பின்னிரவில் காலியாகிக்கொண்டிருக்கும் மதுக்கடையில் ஒருவன் கடைக்காரரிடம் புலம்புகிறான், அவ்வளவுதான். பில் மில்லரின் பியானோ, எங்கோ தூரத்தில் தந்தி வாத்தியங்கள், இடையில் ஒரு சாக்ஸபோன், அப்புறம் குரல். ஆல்பத்திலேயே மிக மெல்லிய பாட்டு இதுதான். ஆல்பத்தின் உயிரும் இதில்தான் இருக்கிறது. இசைத்தட்டில் இது எங்கே இருக்கிறது? இரண்டாம் பக்கத்தின் கடைசியில், நடுவிலுள்ள லேபிளை ஒட்டி.

இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் ஊசிக்கு அடியில் தடம் ஓடும் வேகம் எங்கும் ஒன்றல்ல. வெளி விளிம்பில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிற தடம், உள்ளே போகப் போகக் குறைந்து, லேபிளுக்குப் பக்கத்தில் 21 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். முதல் பாட்டுக்குக் கிடைத்த நீளத்தில் பாதிக்கும் குறைவான நீளத்தில் கடைசிப் பாட்டின் ஒவ்வொரு நொடியையும் திணித்து வெட்ட வேண்டும். தடத்தின் நெளிவுகள் நெருங்கிவிடுகின்றன. உயர்ந்த ஸ்தாயி ஒலிகளை ஊசியால் சரியாகப் பின்தொடர முடியவில்லை. ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகள் கரகரக்கும். புதுத் தட்டிலேயே இருக்கும் தொல்லை இது. பல கைகள் பட்ட தட்டில் கேட்க வேண்டுமா? தட்டுகளைத் தானே மாற்றிப் போடும் அந்தக் கால வீட்டு ரெக்கார்டு சேஞ்சர்கள் இன்றைய கருவிகள் போல இரண்டு கிராம் அழுத்தத்தில் ஓடியவை அல்ல. பல மடங்கு கனமாக உட்கார்ந்து, தேய்ந்த ஊசியோடு தடத்தை உழுதவை. அந்தத் தேய்மானம் அதிகமாக விழுவது தடம் நெருக்கமான உள்வட்டத்தில்.

இதோடு ஆல்பத்தின் நீளத்தையும் சேர்த்துப் பாருங்கள். பன்னிரண்டு பாட்டும் சேர்ந்து சுமார் 54 நிமிடம். ஒரு பக்கத்துக்கு 26, 27 நிமிடம். ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம் என்றால் தடங்களை விசாலமாக, உரத்து வெட்டலாம். இங்கே இடம் போதாது. ஒலி அளவைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். ஒலி குறைந்தால் தட்டின் இரைச்சல் மேலே தெரியும். நடனப் பாட்டு ஆல்பமாக இருந்தால் டிரம்ஸும் டிரம்பெட்டும் சின்னச் சின்ன ‘டிக்’ சத்தங்களை விழுங்கிவிடும். இங்கே மில்லரின் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே இருக்கும் அமைதியும் பாட்டின் ஒரு பகுதி. அதில் ஒரு கீறல் விழுந்தால் அடுத்த வரி வரும்வரை காது அந்தக் கீறலையே எண்ணிக்கொண்டிருக்கும்.

இந்த இட நெருக்கடிக்கு அந்தக் காலத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 1958இல் ஸ்டீரியோ தட்டு கடைகளுக்கு வரத் தொடங்கிய புதிது. ஸ்டீரியோ தடம் பக்கவாட்டில் மட்டுமல்லாமல் மேலும் கீழும் அசைவதால் இன்னும் அதிக இடம் கேட்கும். ஆகவே ஸ்டீரியோ பதிப்பில் ‘இட்ஸ் எ லோன்சம் ஓல்டு டவுன்’, ‘ஸ்பிரிங் இஸ் ஹியர்’ என்ற இரண்டு பாட்டுகளையே எடுத்துவிட்டுப் பத்துப் பாட்டோடு விற்றார்கள். பழைய ஸ்டீரியோ தட்டை முழு ஆல்பம் என்று நினைத்து யாராவது விற்க வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

பழைய தட்டை ஓரளவு காப்பாற்ற வழிகள் இருக்கின்றன. மோனோ தடம் பக்கவாட்டில் மட்டுமே அசைவது. மேலும் கீழும் வருவதெல்லாம் தூசும் தேய்மானமும்தான். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், அந்தச் செங்குத்துச் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிடும். மோனோ கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்) இருந்தால் இன்னும் நல்லது. தட்டை நன்றாகக் கழுவினால் இன்னும் கொஞ்சம் தெளியும். இவ்வளவும் செய்தபின் என் தட்டின் முதல் பக்கம் அற்புதமாக ஒலிக்கிறது. ‘ஏஞ்சல் ஐஸ்’ பாட்டைத் தட்டில்தான் கேட்க வேண்டும் என்று எவராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். இரண்டாம் பக்கத்தின் கடைசிக்கு வரும்போதோ தடமே தேய்ந்துபோயிருக்கிறது. அழுக்கைக் கழுவலாம், தேய்மானத்தைக் கழுவ முடியாது. என்னுடையது முதல் அச்சு அல்ல, சில ஆண்டுகள் பிந்தியது. யாரும் தொடாத முதல் அச்சு ஒன்று கையில் இருந்தால் என் பேச்சு மாறுமோ என்னவோ. அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை.

அடுத்தது ஸ்டீரியோ சிடிகள். உள்வட்டப் பிரச்சினை சிடிக்குக் கிடையாது; கடைசிப் பாட்டும் முதல் பாட்டும் அதற்கு ஒன்றே. ஆனால் வேறு இரண்டு குறைகள். ஆரம்ப காலச் சிடியில் பன்னிரண்டு பாட்டு முடிந்ததும் ‘ஸ்லீப் வார்ம்’, ‘வேர் ஆர் வென்’ என்று இரண்டு கூடுதல் பாட்டுகளை ஒட்டினார்கள். அந்த மதுக்கடைக்காரன் கடையைச் சாத்திய பிறகு மறுபடியும் பாட்டு தொடங்கினால் எப்படி இருக்கும்? ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்க வேண்டியிருக்கிறது. 1998இல் வந்த ரீமாஸ்டரில் (பழைய பதிவை மெருகேற்றிய பதிப்பு) ஒலிப்பதிவு நாடாவின் ‘ஸ்ஸ்’ இரைச்சல் குறைந்திருக்கிறது, பின்னணி சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பியானோவின் ஒலி தேய்ந்து மறையும்போது கூடவே வர வேண்டிய அறையின் காற்றும் குறைந்துவிட்டதாக என் காதுக்குப் படுகிறது. என் ஸ்பீக்கரும் என் அறையும் சேர்ந்து சொல்லும் சாட்சிதான் இது. இதை மட்டும் நம்பிப் பழைய சிடியைத் தூக்கிப் போட வேண்டாம்.

இனி 2018 பதிப்பு. கேப்பிட்டலின் சினாட்ரா நாடாக்களோடு நெடுங்காலம் பழகிய ஒலிப்பொறியாளர் லாரி வால்ஷ் இதற்காகப் புதிய ஸ்டீரியோ கலவை செய்தார். புதுக் கலவை என்பது வழக்கமான ரீமாஸ்டர் வேலையிலிருந்து வேறுபட்டது. ரீமாஸ்டரில் ஏற்கெனவே கலந்து முடித்த நாடாவை எடுத்து மெருகேற்றுவார்கள். இங்கே கலவைக்கு முந்தைய அமர்வு நாடாக்களுக்கே திரும்பிப் போய்க் குரலையும் வாத்தியங்களையும் புதிதாக நிறுத்தியிருக்கிறார்கள். ரிடிலின் ஒழுங்கமைப்பைப் படிப்பதுபோலக் கேட்க விரும்புபவருக்கு இது விருந்து. ‘வாட்ஸ் நியூ’ பாட்டில் ரே சிம்ஸின் டிராம்போன் எழுந்து வரும் இடத்தையும், அதைச் சுற்றித் தந்தி வாத்தியங்கள் விலகி வழிவிடுவதையும் இவ்வளவு தெளிவாக நான் வேறு பதிப்பில் கேட்டதில்லை.

அப்படியிருந்தும் ஏன் மோனோ? அந்த நாட்களில் கேப்பிட்டலில் மோனோவையும் ஸ்டீரியோவையும் தனித்தனியாகவே பதிவு செய்தார்கள். இந்த மோனோ, ஸ்டீரியோவின் இரண்டு தடத்தையும் ஒன்றாக மடித்துச் செய்த மோனோ அல்ல. 1958இல் பெரும்பாலான வீடுகளில் இருந்தது மோனோ கருவிதான். அந்தப் பதிப்புக்குத்தான் பன்னிரண்டு பாட்டும் முழுசாகக் கிடைத்தது. குரலும் வாத்தியங்களும் ஒரே புள்ளியிலிருந்து வரும்போது, எது முன்னே எது பின்னே என்பதை ஒலி அளவாலும் எதிரொலியாலும் மட்டுமே காட்ட முடியும். அந்தச் சமநிலையை அவர்கள் அபாரமாகப் பிடித்திருக்கிறார்கள். ஸ்டீரியோவில் வாத்தியக் குழு விரிந்து அரங்கமாகிறது. சினாட்ரா அதன் நடுவில் நின்று பாடுகிறார். மோனோவில் அரங்கம் இல்லை. அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், வாத்தியங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் எங்கோ. ‘ஒன் ஃபார் மை பேபி’ அரங்கத்துக்கான பாட்டே இல்லை.

இசைத்தட்டில் தேய்மானம் தின்றுவிட்ட அந்தக் கடைசி நான்கரை நிமிடம், இந்த மோனோ சிடியில் சிதையாமல் இருக்கிறது. குரல் மெல்ல மெல்லத் தணிந்து போகும் முடிவில் ஊசியின் சத்தம் இல்லை. மூன்று வகைகளுக்குள் எனக்கு இது பிடித்துப்போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். ஹெட்ஃபோனில் கேட்பவராக இருந்தால் மோனோ உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எல்லா ஒலியும் மண்டைக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்களுக்கு வால்ஷின் ஸ்டீரியோ கலவையே சரி. நானும் ரயில் பயணத்தில் அதைத்தான் கேட்கிறேன். ஸ்ட்ரீமிங் செயலிகளில் தேடும்போது பாட்டுப் பெயருக்குப் பக்கத்தில் எந்தக் கலவை என்று போட்டிருப்பதைப் பார்த்து எடுங்கள். ஒரே அட்டைப்படத்தோடு வெவ்வேறு பதிப்புகள் கலந்து கிடக்கும். 2018 கலவையின் விநைல் பதிப்பை நான் வாங்கவில்லை. புது அச்சில் பழைய தேய்மானம் இருக்காது, ஆனால் கடைசிப் பாட்டு கடைசியில்தானே இருக்கும் என்ற யோசனைதான் காரணம்.

இவ்வளவுக்கும் பிறகு பழைய தட்டுதான் வேண்டும் என்பவர்களுக்கு: வானவில் நிற விளிம்புள்ள கறுப்பு லேபிளில் கேப்பிட்டல் சின்னம் மேலே இருந்தால் அது 1962 அல்லது அதற்குப் பிந்திய அச்சு; இடப்பக்கம் இருந்தால் அதற்கு முந்தியது. பளபளப்பைப் பார்த்து ‘விஜி பிளஸ்’ (மிக நல்ல நிலை என்ற தரக் குறி) என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். கீறல் கண்ணுக்குத் தெரியும், தடத் தேய்மானம் தெரியாது. கடையில் போட்டுக் காட்டச் சொன்னால் எல்லாரும் முதல் பக்கத்தின் முதல் பாட்டில்தான் ஊசியை வைப்பார்கள். தட்டைத் திருப்பி, லேபிளுக்குப் பக்கத்தில் ஊசியை வைக்கச் சொல்லிவிட்டு, கடைசி இரண்டு நிமிடத்தைக் கேட்டபிறகு விலை பேசுங்கள்.