பாரதியின் மூன்று வீடுகள்: எதை முதலில் பார்ப்பது?

பாரதியார் வாழ்ந்த வீடுகளைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு முதன்மையாக மூன்று இடங்கள் உள்ளன: 1882 டிசம்பர் 11 அன்று அவர் பிறந்த எட்டயபுரம் வீடு, 1908 முதல் 1918 வரை நீண்ட புதுவை வாழ்வில் அவர் குடியிருந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீடு, 1921 செப்டம்பரில் அவர் உயிர் பிரிந்த திருவல்லிக்கேணி வீடு. மூன்றும் இன்று அரசின் பொறுப்பில் உள்ள நினைவில்லங்கள். காசியில் அனுமன் காட்டருகே அத்தை குப்பம்மாள் வீட்டில் அவர் தங்கிப் படித்த இடத்தில் ஓர் அறையும் 2022இல் நினைவிடமாகியிருக்கிறது. காசிக்குப் போகிறவர்கள் அதைத் தவறவிட வேண்டாம். ஆனால் அதற்கென்றே காசிக்குப் போகச் சொல்ல மாட்டேன்.

ஒரு வீட்டைத்தான் பார்க்க முடியும் என்றால் எங்கே போவது என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் புதுச்சேரி என்றே சொல்லி வந்திருக்கிறேன். பிறந்த இடத்துக்கல்லவா முதலில் போக வேண்டும் என்று அவர்கள் வியப்பதுண்டு. அந்த வியப்பு நியாயமானதே. தலம் என்றால் பிறந்த தலத்தைத் தேடுவது நம் மரபு. ஆனால் ஒரு கவிஞரின் வீட்டைப் பார்க்கப் போகிறவர் அங்கே தேட வேண்டியது அவர் எழுதிய நாள்களை என்பது என் கருத்து.

அந்த நாள்களில் பெரும்பகுதி புதுவையில் கழிந்தது. ஆங்கில அரசின் கைது நடவடிக்கைக்குத் தப்பிப் பிரெஞ்சு ஆட்சிப் பகுதிக்கு வந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயது, கிளம்பியபோது முப்பத்தைந்து. பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் இங்கே பிறந்தன. மணக்குள விநாயகர் மீது நான்மணிமாலை பாடியதும் இங்கேதான். அரவிந்தர் 1910 ஏப்ரலில் வந்து சேர்ந்தார். அதே ஆண்டில் விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயரும் வந்தார். பின்னாளில் பாரதிதாசன் என்று பெயர் சூட்டிக்கொண்ட சுப்புரத்தினம் பாரதியைச் சந்தித்ததும் இந்த ஊரில்தான். 1913இல் கனகலிங்கம் என்ற ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞருக்குப் பாரதி பூணூல் அணிவித்ததும் புதுவை வாழ்வின்போதே நடந்தது. ஒரு தெருவீட்டுக்குள் நின்றுகொண்டு இத்தனையையும் நினைத்துப் பார்க்க இடம் தருவது மூன்றில் இது ஒன்றுதான்.

வீட்டின் அமைப்பும் அதற்குத் துணை செய்கிறது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கேயுள்ள தமிழர் பகுதியில், அகலம் குறைந்து நீளம் மிகுந்த மனையில் எழுந்த வீடு அது. வெயிலில் நடந்து வந்தவர் உள்ளே நுழைந்ததும் சற்று நேரம் கண் இருண்டு, பிறகு முற்றத்து வெளிச்சத்தில் மெல்லத் தெளிவதை உணரலாம். ஒருமுறை முற்பகல் பதினொரு மணியளவில் நான் அங்கே இருந்தேன். முற்றத்தில் இறங்கிய வெயில் ஒரு தூணின் அடியைத் தொட்டு நின்றது. நான் சுவரிலிருந்த படங்களைப் பார்த்து முடித்துத் திரும்புவதற்குள் அது இரண்டு சாண் நகர்ந்திருந்தது. இப்படிப்பட்ட ஒரு வீட்டில் இருந்தவருக்குப் பொழுதைத் தெரிந்துகொள்ளக் கடிகாரம் தேவைப்பட்டிராது என்று அப்போது தோன்றியது. கட்டடத்தைச் செப்பனிட்டவர்கள் அதன் பழைய இயல்பைக் காப்பதில் கவனம் செலுத்தியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழுலகம் கடன்பட்டிருக்கிறது.

புதுவையில் பாரதி பல வீடுகளில் வாடகைக்கு இருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருக்கு வீடு கொடுத்தவர்களுள் ஒருவரான விளக்கெண்ணெய்ச் செட்டியாரைப் பற்றி, பாரதியோடு பழகிய எழுத்தாளர் வ.ரா. எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போனால், வெறும் அறைகள் மனிதர்கள் நடமாடும் அறைகளாகிவிடும். வீட்டைப் பார்த்த கையோடு பெருமாள் கோயில் தெருவில் உள்ள பாரதிதாசன் வீட்டையும் பார்த்துவிடலாம். ஆசானின் வீடும் மாணவரின் வீடும் நடந்து செல்லும் தொலைவில் இருப்பது வேறெங்கும் எளிதில் வாய்க்காத பேறு. தென்புதுவைக்கு மேற்கே சிறு தொலைவில் ஒரு மாஞ்சோலை என்று குயில் பாட்டே கதை நிகழும் இடத்தைச் சொல்கிறது. அந்தப் பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஊரில் நடப்பது தனி அனுபவம்.

திருவல்லிக்கேணி வீடு வேறு வகையானது. தமிழ்நாடு அரசு அதை வாங்கிப் புதுப்பித்து, 1993இல் பாரதியார் இல்லம் என்று பெயரிட்டுத் திறந்தது. வீட்டுக்குள் பழமையின் சாயலைத் தேடுகிறவருக்குப் புதுவை தரும் நிறைவு இங்கே கிட்டாது. படங்களையும் எழுத்துப் படிகளையும் நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் இங்கே பார்க்க வேண்டியது வீட்டுக்குள் மட்டுமில்லை. துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவிலிருந்து பார்த்தசாரதி கோயிலுக்குச் சில நிமிட நடைதான். பூக்கடையும் பாத்திரக் கடையும் மாட்டுக் கொட்டகை வாடையும் கலந்த அந்தத் தெருக்களில் நடந்தால், வேலைக்குப் போய் வந்து மாலையில் கோயிலுக்குக் கிளம்பும் ஒரு பத்திரிகை ஆசிரியரை நம்மால் கற்பனை செய்ய முடிகிறது.

அந்தக் கோயில் யானையைப் பற்றிப் பலரும் தவறாகவே அறிந்திருக்கிறார்கள். யானை தள்ளியதால் அவர் இறந்தார் என்று பள்ளிப் பிள்ளைகள் இன்றும் சொல்கிறார்கள். யானையின் தாக்குதலிலிருந்து அன்பர் குவளைக் கண்ணன் அவரைக் காப்பாற்றினார். காயம் ஆறி அவர் மீண்டும் சுதேசமித்திரன் நாளிதழ்ப் பணிக்குச் சென்றார். 1921 ஜூலை இறுதியில் ஈரோட்டுக்குப் பயணம் செய்து கருங்கல்பாளையத்து நூல்நிலையத்தில் சொற்பொழிவும் ஆற்றினார். அதன் பிறகு வயிற்றுக் கடுப்பு நோய் கண்டு, செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்தபின் இந்தத் தெருவில் உயிர் நீத்தார். அவருக்கு முப்பத்தொன்பது வயது நிறைந்திருக்கவில்லை. கிருட்டிணாம்பேட்டை மயானம் வரை உடன் சென்றவர்கள் இருபது பேருக்கும் குறைவு. அவ்வளவு நெரிசலான தெருவில் நின்றுகொண்டு இந்த எண்ணிக்கையை நினைத்துப் பார்ப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் கடினமாகவே இருக்கிறது.

பயண வசதியில் திருவல்லிக்கேணியை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. சென்னையில் இருப்பவர் அரை நாளில் போய்த் திரும்பலாம். டிசம்பர் 11ஐ ஒட்டிச் சென்றால் பாரதியைச் சிறப்பிக்கும் ஜதிப் பல்லக்கு ஊர்வலத்தையும் காணலாம். தமக்குப் பல்லக்கு வர வேண்டும் என்று எட்டயபுரம் மன்னருக்குப் பாட்டெழுதியவருக்கு, அவர் மறைந்த தெருவில் மக்கள் பல்லக்குத் தூக்குகிறார்கள். புதுச்சேரிக்குச் சென்னையிலிருந்து ஒரு நாள் போதும். எட்டயபுரம் கோவில்பட்டியிலிருந்து பேருந்தில் சென்றடையும் தொலைவில் இருக்கிறது. தெற்கத்திக்காரர்களுக்கு அது எளிது, மற்றவர்களுக்கு ஓர் இரவுப் பயணம். நினைவில்லங்களின் விடுமுறை நாளையும் திறந்திருக்கும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது அவசியம். வெகுதொலைவு சென்று, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய அனுபவம் எனக்கு ஒருமுறை உண்டு. உடன் வந்த பிள்ளைகளின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மட்டும் என் வரிசை மாறும். அவர்களுக்கு எட்டயபுரமே முதலிடம். தங்கள் வயதில் ஒரு சிறுவன் இங்கே இருந்தான், ஐந்து வயதில் தாயை இழந்தான், பதினொரு வயதில் அரசவைப் புலவர்கள் அவனுக்குப் பாரதி என்று பட்டம் கொடுத்தார்கள் என்று சொல்லும்போது அவர்கள் கேட்கும் விதமே மாறுகிறது. சிறிய ஊர் என்பதால் நடந்தே சுற்றலாம். அரண்மனையை வெளியிலிருந்து பார்க்கலாம். முத்துசாமி தீட்சிதர் 1835இல் மறைந்து சமாதி கொண்ட ஊரும், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கிய ஊரும் இதுதான். ஒரு கவிஞரைப் பார்க்கப் போய் மூவரை வணங்கித் திரும்பும் வாய்ப்பை மற்ற இரண்டு ஊர்களும் தருவதில்லை.

பெரியவர்களை எட்டயபுரத்துக்குக் கடைசியில் போகச் சொல்வதற்குக் காரணம் அதன் சிறப்புக் குறைவன்று. மற்ற இரண்டையும் அறிந்த பிறகே அந்த ஊர் முழுமையாக விளங்குகிறது. பருத்தி ஆலை வைத்துப் பொருளிழந்த தந்தை சின்னசாமி ஐயர் 1898இல் இறந்தபோது, திருமணமாகி ஓராண்டே ஆன பதினைந்து வயது மகன் ஆதரவின்றி நின்றான். காசிக்குப் போய்த் திரும்பி அதே சமஸ்தானத்தில் பணியாற்றி, 1904இல் மதுரைக்கு விலகிச் சென்றார். புதுவையிலிருந்து வெளியே வந்து கடலூரில் கைதாகி விடுதலையான பின், மனைவியின் ஊரான கடையத்தில் வறுமையோடு இருந்த 1919ஆம் ஆண்டில், எட்டயபுரம் மன்னருக்கு ஆதரவு கேட்டுச் சீட்டுக்கவி என்னும் கவிதைக் கடிதம் எழுதி அனுப்பினார். எதிர்பார்த்த ஆதரவு வரவில்லை.

இவ்வளவையும் மனத்தில் கொண்டு அந்தச் சிறிய வீட்டைப் பார்த்துவிட்டு, அரண்மனைப் பக்கமாக நடந்து, இறுதியில் பாரதி மணிமண்டபத்துக்குச் செல்லுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். கல்கி முன்னின்று ஊரூராக நன்கொடை திரட்டினார். 1945இல் இராஜாஜி அடிக்கல் நாட்டினார். நாடு விடுதலை பெற்ற இரண்டாம் மாதம், 1947 அக்டோபரில், அவரே வந்து திறந்தும் வைத்தார். அந்த மண்டபத்துக்குப் பணம் அனுப்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் பாரதியை நேரில் கண்டதில்லை. அவருடைய பாட்டைப் படித்திருந்தார்கள்.