ஐ5-4460 + 1660 சூப்பர்: பழைய புராசஸரோடு ஓட்டிய அனுபவம், மாற்றிய பிறகு பார்த்த வித்தியாசம்

சிஸ்டம் விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்டெல் கோர் ஐ5-4460, எச்81 மதர்போர்டு, 8+8 ஜிபி டிடிஆர்3 ரேம், எஸ்எஸ்டி, 75 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர். புராசஸர் 2014-இல் வந்தது. நாலு கோர், நாலே த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைச் சரம்), டர்போவில், அதாவது உச்ச வேகத்தில், 3.4 கிகாஹெர்ட்ஸ். இதில் 2019 கடைசியில் வெளியான ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டைப் போட்டு நெடுநாள் ஓட்டினேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றக் கையில் காசு கிடையாது. கார்டு முதலில், போர்டும் புராசஸரும் ரேமும் அடுத்த போனஸில் என்பதுதான் திட்டம். இப்போது அதே கார்டு ஐ5-12400எஃப் புராசஸரில் ஓடுகிறது. கார்டு மாறவே இல்லை என்பதால், பழைய புராசஸர் எவ்வளவைப் பிடித்து வைத்திருந்தது என்று நேரடியாகவே தெரிந்துவிட்டது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி, பல்லவனில் மடியில் வைத்துக் காரைக்குடிக்குக் கொண்டுவந்த கார்டு. அன்று இரவே ஜிடிஏ 5. கார்டும் புராசஸரும் எவ்வளவு வேலை செய்கின்றன என்று காட்டும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளின் எண்களைத் திரையின் இடது மூலையில் ஓடவிட்டிருந்தேன். லாஸ் சாண்டோஸ் நகருக்குள் வண்டியை விரட்டினால் ஜிபியு (கார்டின் சிப்) 55, 60 சதவீதத்தைத் தாண்டவில்லை. கீழே நாலு கோர்களில் ஒன்று 99-இல் நிற்கிறது, மற்றவை எண்பதுகளில். எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு வரும் ஃப்ரேம்களின் (படங்களின்) எண்ணிக்கை, ஐம்பதுகளில் தத்தளிக்கிறது. ஊருக்கு வெளியே பாலைவனப் பக்கம் போனால் தானாக ஏறுகிறது. கிராபிக்ஸ் செட்டிங்ஸை ‘வெரி ஹை’யிலிருந்து ‘நார்மல்’ வரை இறக்கினேன். நகருக்குள் இரண்டு மூன்று ஃப்ரேம் கூடியதோடு சரி.

தேவகோட்டையிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகன் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “அண்ணே, கார்டு டூப்ளிகேட்டா இருக்குமோ? பாதிதான் வேலை செய்யுது” என்றான்.

“கார்டு சும்மா நிக்குதுடா. அதுக்கு வேலை வந்து சேரல.”

விஷயம் அவ்வளவுதான். திரையில் வரும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் முதல் வேலை புராசஸருடையது. தெருவில் போகிற ஆட்கள் எங்கே திரும்ப வேண்டும், வண்டி மோதினால் எப்படி உருள வேண்டும், கேமரா பார்வையில் எதெல்லாம் விழுகிறது என்று கணக்குப் போட்டு, “இதை வரை, அதை வரை” என்று டிரா கால் பட்டியலைத் தயாரித்துத் தர வேண்டும். அந்தப் பட்டியலைக் கார்டுக்குப் புரிகிற மாதிரி மாற்றும் டிரைவரும் ஓடுவது புராசஸரில்தான். அதன் பிறகே கார்டு வரையத் தொடங்கும். பந்தியில் பரிமாறப் பத்துப் பேர் நின்றாலும் அடுப்படியிலிருந்து சோறு வந்தால்தானே இலையில் விழும்?

எண்ணில் சொன்னால், 60 எஃப்பிஎஸ் வேண்டுமானால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட்தான். கார்டு தன் பங்கைப் 10 மில்லிசெகண்டில் முடித்தாலும், புராசஸர் 22 எடுத்துக்கொண்டால் கிடைப்பது 45 எஃப்பிஎஸ். மீதி நேரம் கார்டு காத்துக்கிடக்கும். ரெசல்யூஷனைக் குறைத்தால் கார்டின் வேலைதான் குறையும். புராசஸரின் கணக்கு பெரும்பாலும் அப்படியே இருக்கும். உங்கள் சிஸ்டத்தில் சந்தேகம் இருந்தால் 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் அசையவில்லை என்றால் மாட்டிக்கொண்டிருப்பது புராசஸர்.

டாஸ்க் மேனேஜரை மட்டும் பார்த்து “சிபியு 70 சதவீதம்தானே, இன்னும் இடம் இருக்கிறதே” என்று சொல்லாதீர்கள். அது மொத்தக் கணக்கு. கேமின் முக்கிய த்ரெட் ஒரு கோரை முழுக்கப் பிடித்திருந்தால், நாலு கோர் புராசஸரில் அதன் பங்கு 25 சதவீதமாகத்தான் தெரியும். கேம் கார்டோடு பேசப் பயன்படுத்தும் இடைமுகம் டைரக்ட்எக்ஸ் 11 ஆக இருக்கும் கேம்களில் இந்த நெருக்கடி அதிகம். டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் இரண்டும் வேலையைக் கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழி செய்கின்றன. ஆனால் கேம் எழுதியவர்கள் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும், பிரித்துக் கொடுக்கக் கோர்களும் இருக்க வேண்டும்.

சராசரி எஃப்பிஎஸ் குறைவது கூடப் பரவாயில்லை. என்னைக் கடுப்பேற்றியது தடுக்கல். சைபர்பங்க் 2077-இல் சந்தைக் கூட்டத்துக்குள் வண்டியைத் திருப்பினால், திரை ஒரு கணம் உறைந்து, வண்டி பத்தடி தள்ளிப் போய் நிற்கும். சராசரி நாற்பதுகளில் இருக்கும். மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃப்ரேம்களின் வேகத்தைக் காட்டும் 1 சதவீத லோ என்கிற எண் இருபதுக்குப் பக்கத்தில் கிடக்கும். பின்னால் டிஸ்கார்டும் குரோமும் திறந்திருந்தால் இன்னும் மோசம். நாலே த்ரெட்டில் விண்டோஸும் ஓட வேண்டும், கேமும் ஓட வேண்டும்.

தணிக்க உதவியவை சில. ரிவாட்யூனர் மென்பொருளில் எஃப்பிஎஸ்ஸுக்கு உச்சவரம்பு வைத்தது முதல் நிவாரணம். எண் குறைந்தது, ஓட்டம் சீரானது. சைபர்பங்கில் ‘கிரவுட் டென்சிட்டி’யையும் ஜிடிஏ-வில் ‘பாப்புலேஷன் டென்சிட்டி’யையும் குறைத்தால் புராசஸருக்கு நேரடியாக மூச்சு கிடைக்கும். கார்டு சும்மா இருப்பதால் டெக்ஸ்சர், ஆன்டி-அலியாசிங் போன்றவற்றை ஏற்றிக்கொள்ளலாம். கார்டுக்கு இடம் இருக்கும் வரை ஒரு ஃப்ரேம்கூடக் குறையாது. புராசஸர் பழையது என்று எல்லாவற்றையும் ‘லோ’வில் வைத்து ஆடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

“பேஸ்ட் மாத்துங்க, சரியாயிடும்” என்று கடைக்குக் கடை சொல்வார்கள். புராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைத்தான் சொல்கிறார்கள். எங்கள் வீடு பழைய செட்டிநாட்டு வீடு. இரண்டாம் கட்டில் சுவர் தடிப்பால் அறை குளுமையாக இருந்தாலும், மேலே ஓட்டிலிருந்து உதிரும் தூசி கேபினெட்டுக்குள் படிந்துகொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் கழற்றித் துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்தேன். சூடு நன்றாகவே இறங்கியது. எஃப்பிஎஸ் ஒன்றுகூட ஏறவில்லை. புராசஸரின் கிளாக் வேகம் அதற்கு முன்பும் குறையாமல்தான் ஓடியது. சூட்டால் தள்ளாடியிருந்தால்தானே பேஸ்ட் காப்பாற்றும்.

ரேமைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பச்சியின் கடை பில்லிங் கம்ப்யூட்டர் மக்கர் செய்தபோது என்னிடமிருந்து ஒரு 8 ஜிபி ஸ்டிக்கைக் கழற்றிக் கொடுத்திருந்தேன். அந்த நாட்களில் ஜிடிஏ-வில் தடுக்கல் கண்ணுக்குத் தெரிந்தே கூடியது. டிடிஆர்3-1600 ஒற்றை ஸ்டிக்கில் நொடிக்கு 12.8 ஜிபி, இரண்டு ஸ்டிக் சேர்ந்த இரட்டை சேனலில் 25.6. பழைய சிஸ்டத்தில் ஒரே ஸ்டிக் வைத்திருப்பவர்கள் கார்டுக்கு முன்பு இதைக் கவனியுங்கள், செலவும் கம்மி.

கார்டு தேர்விலும் ஒரு கண் வேண்டும். எச்81 போர்டில் கார்டு ஸ்லாட் பிசிஐஇ 2.0 தான், அதாவது கார்டுக்குத் தரவு போகும் பாதையின் பழைய, வேகம் குறைந்த தலைமுறை. 1660 சூப்பர் 16 லேன் (தரவுத் தடம்) கார்டு என்பதால் சமாளித்தது. ஆர்எக்ஸ் 6600-க்கு 8 லேன், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-க்கு வெறும் 4. இந்தப் போர்டில் அவற்றின் பாதை மிகவும் ஒடுங்கிவிடும். இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் புராசஸர் ஒரே வீச்சில் எட்டுவது) வசதி வேண்டும். அது இல்லாத பழைய போர்டில் அவற்றைப் போடுவது வீண்.

12400எஃப், பி660 போர்டு, டிடிஆர்4-3200 ரேம் வந்த பிறகு ஜிடிஏ நகருக்குள்ளும் ஜிபியு 97, 98-இல் நிற்கிறது. வாலரன்ட்டில் எஃப்பிஎஸ் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அதில் பாதி வீண்தான். சைபர்பங்கில் சராசரி பெரிதாக ஏறவில்லை, ஏனென்றால் ‘ஹை’ செட்டிங்ஸில் கார்டே அந்த அளவில் திணறுகிறது. ஆனால் சந்தைத் திருப்பத்தில் உறைவது நின்றுவிட்டது, எனக்கு அதுவே போதும். விட்சர் 3-இல் கிராமப்புறத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. நோவிகிராட் ஊருக்குள் நுழைந்தால்தான் தெரிகிறது. ஆகப் பழைய புராசஸர் எல்லாக் கேமிலும் ஒரே அளவில் இழுத்துப் பிடிப்பதில்லை. இப்போது நிழல் செட்டிங்கை ஏற்றினால் எஃப்பிஎஸ் இறங்குகிறது. முன்பு இந்தக் கவலையே இல்லை.

“அதே போர்டில் செகண்ட் ஹேண்ட் ஐ7-4790 போடலாமே?” என்று கேட்கிறவர்கள் உண்டு. எட்டு த்ரெட் கிடைக்கும், தடுக்கல் ஓரளவு குறையும். ஒற்றைக் கோரின் வேகம் மட்டும் அதே தலைமுறைதான். டர்போவில் 4 கிகாஹெர்ட்ஸ், அவ்வளவே. ஐ3-12100எஃப்-உம் நாலு கோர், எட்டு த்ரெட் தான், ஆனால் ஒவ்வொரு கோரும் அதைவிட வெகுவேகம். ஆயிரம் இரண்டாயிரத்துக்குள் ஐ7 கிடைத்தால் வாங்கலாம். அதற்கு மேல் சொன்னால் வேண்டாம் என்பேன். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, 4-ஆம் தலைமுறை புராசஸர்கள் விண்டோஸ் 11 பட்டியலிலேயே இல்லை. விண்டோஸ் 11-இல் வாலரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கிறது. எங்கள் வீட்டுப் பயல்கள் ஆடுவதே அதுதான் என்பதால், ஐ7 பேச்சை நான் எடுக்கவே இல்லை.