மரமா, எபாக்சியா, ஃபைபரா? கொங்கிலிருந்து கடலோடப் போகிறவர்களுக்கு ஒரு படகு அலசல்

கோவையிலிருந்து கொச்சி இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தாராபுரம், கரூர்ப் பக்கத்தவர்களுக்கு இன்னும் கூடும். பாய்மரப் படகு வாங்கலாமா என்று நம்மூரில் யார் கேட்டாலும் நான் இந்தத் தூரத்திலிருந்துதான் தொடங்குவேன். பழைய முறையில் கட்டிய மரப் படகு, மரத்தை எபாக்சி என்ற வலுவான பிசினில் ஒட்டிக் கட்டிய படகு, கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த முழு ஃபைபர் படகு என்று மூன்று வழி இருக்கிறது. மூன்றிலும் நெடுந்தூரம் போய் வந்தவர்கள் உண்டு. நமக்கு எது சரிப்படும் என்பதை, படகை விட்டுவிட்டு எத்தனை நாள் ஊரில் இருக்கப் போகிறோம் என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

கடைசியாகக் கேட்டவர் எனக்கு அண்ணன் முறை. மில்லைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டார். முப்பத்தைந்து அடிக்குள் ஒரு படகு, கொச்சியில் நிறுத்தி வைத்து லட்சத்தீவு, மாலத்தீவு, பிறகு இலங்கை என்று ஆசை. "ஏனுங் தம்பி, மரத்துல போனாத்தான் அது கடல் பயணமுங்க. ஃபைபர்னா தண்ணித் தொட்டி மாதிரி இருக்குதுங்க" என்றார். அந்த ஆசை எனக்கும் புரிகிறது. அதனால் மரத்திலிருந்தே வருவோம்.

மரத்தின் மேல் நமக்கு ஒரு உரிமைப் பாசம் உண்டு, அது நியாயமானதும்கூட. 19ஆம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கு டாப்சிலிப் சரிவில் உருண்டு இறங்கி, பம்பாய்க் கப்பல் தளம் வரை போனது. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலை 1817இல் பம்பாயில் தேக்கால் கட்டினார்கள். அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. இன்னும் பழசுக்குப் போனால், செங்கடல் கரையில் எகிப்தின் பெரனிகே துறைமுகத்தைத் தோண்டியபோது ரோமானியர் காலத்து இந்தியத் தேக்குக் கட்டைகள் கிடைத்தன. பழைய கப்பல்களைப் பிரித்துக் கட்டடத்துக்குப் போட்டவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கொடுமணலில் பட்டை தீட்டிய கற்கள் மேற்கே போனதும் அப்படிப்பட்ட பலகைகளின் மேல்தான் இருக்கும்.

ஆனால் தேக்கு நீடித்து நிற்பது தேக்கால் மட்டும் இல்லை. பழைய முறைப் படகில், அடியில் முதுகெலும்பு போல நீளமாக ஓடும் ஏராக் கட்டையின் மேல், விலா எலும்பு போல வளைந்த வங்குகள் நிற்கும். அவற்றின் மேல் பலகைகளை ஆணியடித்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத் திரியை உளியால் இறக்கி, குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த மசையால் மூடுவார்கள். இதுதான் கலப்பத்து. பலகை தண்ணீர் குடித்து உப்பி, பஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது. அந்த ஈரம் இருக்கும்வரை படகு படகாக இருக்கும்.

இந்த ஓர் உண்மையிலிருந்தே மரப் படகின் பராமரிப்பு முழுவதும் வருகிறது. மேல்தளத்துக்குக் காலையும் மாலையும் கடல் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெயிலில் காய்ந்தால் இணைப்பு விரியும். நல்ல தண்ணீர் ஆகாது. கடலின் உப்பு மரத்தைக் காக்கும், மழைநீர்தான் உளுக்க வைக்கும். அதனால்தான் வங்குகளின் இடுக்கில் உப்பைக் கொட்டி வைக்கும் பழக்கமே இருந்தது. அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்து, காற்று முன்னும் பின்னும் ஓட வழி விட வேண்டும். பக்கப் பலகைக்குக் கறுப்பு அல்லது கரும்பச்சை அடித்தால் அழகாக இருக்கும், வெயிலில் பலகை கொதித்துப் பிளக்கவும் செய்யும். வெள்ளையே மேல்.

வருடத்துக்கு ஒரு முறையாவது கரையேற்றி, அடியைச் சுரண்டி, செம்பு கலந்த பெயின்ட் அடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் மரம் துளைக்கும் கடல்புழு உள்ளே போய்விடும். வெளியே குண்டூசி முனை அளவு ஓட்டைதான் தெரியும்; உள்ளே பலகை சல்லடையாகியிருக்கும். தேக்கு அதைத் தாக்குப் பிடிக்கும், முழுதாகத் தப்பாது. சில வாரம் படகை நல்ல தண்ணீர் ஓடும் கழிமுகத்தின் உள்பக்கம் நிறுத்தினால் அந்தப் புழு செத்துப்போகும் என்பது ஒரு நல்ல ஏற்பாடு. மேலிருந்து வரும் மழைநீர் கெடுதல், கீழே நிற்கும் ஆற்றுநீர் மருந்து.

கரையேற்றின படகை ஏப்ரல், மே வெயிலில் வாரக்கணக்கில் விட்டால் இணைப்புகள் வாய் பிளக்கும். அதைப் பார்த்துப் பயந்து, காய்ந்த இணைப்பில் பஞ்சை இறுக அடித்துத் திணிக்கிறார்கள். படகு தண்ணீரில் இறங்கிப் பலகை உப்பும்போது போக இடமில்லாமல் ஆணியைப் பிடுங்கும், வங்கையே விரிசல் விட வைக்கும். இறக்கின முதல் ஒன்றிரண்டு நாள் கசியத்தான் செய்யும். பம்ப்பை ஓட்டிக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும். இன்னொன்று துத்தநாகக் கட்டி. வெண்கலச் சாமான்கள் அரிக்காமல் இருக்க அதைப் பூட்டுகிறோம். ஃபைபர் படகில் கொஞ்சம் கூடிப் போனால் பரவாயில்லை. மரப் படகில் அளவுக்கு மேல் பூட்டினால், அந்த உலோகத்தைச் சுற்றிக் காரம் உண்டாகி மரம் கூழாகிவிடும். நல்லது செய்கிறோம் என்று நினைத்தே கெடுக்கிற இடம் இது.

நம்ம திருச்செங்கோடு, நாமக்கல் லாரி பாடிப் பட்டறைகளில் கெட்டி மரத்தையும் போல்ட்டையும் அறிந்த ஆசாரிகள் இருக்கிறார்களே, அவர்கள் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தளம் போட, பெட்டி கட்ட அவர்கள் அருமையான ஆட்கள். கலப்பத்து வேறு வேலை. லாரித் தளத்தில் பலகை இடைவெளி தண்ணீர் வடிய உதவும். இங்கே அதே இடைவெளி மூட வேண்டும், அதுவும் மரம் எவ்வளவு உப்பும் என்று கணித்து மூட வேண்டும். அதற்குக் கேரளத்தின் பேப்பூரில் உரு என்னும் மரக்கப்பல் கட்டும் ஆசாரிகளோ, தூத்துக்குடித் தோணி வேலைக்காரர்களோ வேண்டும். அவர்கள் நம் ஊருக்கு வர மாட்டார்கள். படகுதான் அவர்களிடம் போக வேண்டும்.

இத்தனை பாட்டுக்கு மரம் திருப்பித் தருவது என்ன? நடுக்கடலில் கையால் சரிசெய்யும் வசதி. 1968இல் ஆங்கிலேய மாலுமி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 'சுஹைலி' என்ற 32 அடித் தேக்குப் படகில் தனியாகப் புறப்பட்டார். பம்பாயில் கட்டியது அது. அட்லாண்டிக்கில் ஏராவுக்குச் சற்று மேலே இணைப்பு கசியத் தொடங்கியது. கடலில் குதித்து, மூச்சடக்கி, பஞ்சைத் திணித்துப் பார்த்தார், நிற்கவில்லை. பஞ்சைக் கித்தான் பட்டையில் தைத்து, தார் பூசி, செப்பு ஆணியால் அறைந்து, மேலே செப்புத் தகடு வைத்து அடைத்தார். பிறகு 312 நாளில் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி முடித்தார். அப்படித் தனியாக நிற்காமல் சுற்றிய முதல் மனிதர் அவர்தான். அந்தப் படகு கசிந்தது என்பதும், அதைக் கத்தியும் ஆணியும் பஞ்சும் வைத்தே நிறுத்த முடிந்தது என்பதும், இரண்டும் சேர்ந்ததுதான் மரப் படகு.

இரண்டாவது வழி எபாக்சி. மெல்லிய மரப்பட்டிகளை ஒன்றோடொன்று எபாக்சியில் ஒட்டி, உள்ளும் புறமும் கண்ணாடி இழைத் துணி போர்த்துவார்கள். இணைப்பே இல்லாத ஒரே ஓடு. மரத்துக்குள் ஈரம் போகாததால் உப்பாது, சுருங்காது, கலப்பத்தும் தேவையில்லை. நம் கடற்படையின் 'மாதேயி' கோவாவில் கட்டியது, மரத்தை உள்ளே வைத்து ஃபைபர் போர்த்திய உடல். அதில்தான் திலீப் தோந்தே 2009-10இல் தனியாக உலகைச் சுற்றினார். 2012-13இல் அபிலாஷ் டோமி எங்கும் நிற்காமல் சுற்றினார். அதன் தங்கைப் படகு 'தாரிணி'யில் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கேரளத்தின் தில்னாவும் இரண்டே பேராகப் போய் 2025 மே மாதம் கோவா திரும்பினார்கள். அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்கடலின் அலையைத் தாங்கின கட்டுமானத்தை லட்சத்தீவுக்குப் போதுமா என்று சந்தேகப்பட வேண்டியதில்லை.

அதன் பகை இரண்டு. ஒன்று வெயில்: எபாக்சி மேல் பெயின்டோ வார்னிஷோ எப்போதும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒளியில் அது சிதையும். இரண்டாவது, அவசரமாகப் போட்ட திருகாணி. ஏதோ ஒரு கொக்கி மாட்ட மேல்தளத்தில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையின் உள்சுவரை எபாக்சியால் அடைக்காமல் விட்டால், தண்ணீர் உள்ளே இறங்கி வெளிவர வழியில்லாமல் மரத்தை உளுக்க வைக்கும். வெளியே பளபளவென்றே இருக்கும். படகில் யார் ஓட்டை போடுவது என்பதில் கறாராக இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய பலகைப் படகை மலிவாக வாங்கி, மேலே ஃபைபர் போர்த்திவிட்டால் இரண்டின் நன்மையும் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். நன்றாகக் காய்ந்து உறுதியாக இருக்கும் மரத்தில், தெரிந்தவர் செய்தால் அது ஒரு கணக்கு. வருடக்கணக்கில் தண்ணீர் குடித்து, ஆணி தளர்ந்த படகுக்குச் செய்தால் உள்ளே பலகை அசையும், மேல் ஓடு விரியும், நடுவில் ஈரம் சிறைப்படும். அதிலும் சாதாரண பாலியஸ்டர் பிசின் எண்ணெய்ப்பசையுள்ள தேக்கில் சரியாகப் பிடிக்காது. நான் இதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

ஃபைபரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, அதுவே அதன் பெருமை. பழைய படகுகள் சந்தையில் கிடைக்கும், கசியாது, புழு அரிக்காது, மாதக்கணக்கில் தனியே நின்றாலும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. வெதுவெதுப்பான கடலில் அடிப்பகுதியில் கொப்புளம் வரலாம். அது வந்தால் மேல்பூச்சைச் சீவி, மாதக்கணக்கில் காயவிட்டு, மறுபடி பூச வேண்டும், ஒரே அடியாகச் செலவு வைக்கும். மேல்தளத்தின் நடுவில் மரமோ நுரையோ வைத்திருந்தால் அங்கே ஈரம் தங்கியிருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். மாலத்தீவில் உள்ளூர் தோணிகளே இப்போது பெரும்பாலும் ஃபைபர் என்பதால் அங்கே பழுது பார்க்கவும் ஆள் உண்டு. வெயிலில் உள்ளே புழுக்கம் அதிகம், அலைச் சத்தம் ஓங்கிக் கேட்கும். மரப் படகில் தூங்கியவருக்கு அந்த வித்தியாசம் உடனே தெரியும். இரும்புப் படகை நம் சூட்டுக்கும் உப்புக்கும் நான் சேர்க்கவே இல்லை. துரு தட்டியே ஆயுள் போய்விடும்.

இனி நம் காலண்டரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொச்சியிலிருந்து மாலே சுமார் 400 கடல்மைல். மணிக்கு 5 கடல்மைல் போகும் படகுக்கு மூன்று, நான்கு நாள். டிசம்பர் முதல் மார்ச் வரை அதற்கு நல்ல காலம். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே வீசும் காற்று கடல் வரை நீண்டு, கரையிலிருந்து தள்ளிவிடும். நம் காற்றிலேயே புறப்படலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலைமை தலைகீழ். உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் ஓயாமல் சுற்றும் அந்த மாதங்களில் அரபிக்கடல் சிறு படகுக்கு இடமில்லை. கட்டித்தான் போட வேண்டும்.

மரப் படகுக்கு ஆள் மிகவும் தேவைப்படும் காலமும் அந்த நான்கு மாதம்தான். விடாமல் மழைநீர் இறங்கும். பிளாஸ்டிக் தார்ப்பாய் போர்த்தினால் உள்ளே ஆவி கட்டி மரம் வேகும். தென்னங்கீற்றில் உயரமாகப் பந்தல் போட்டு, பக்கங்களைத் திறந்து விட வேண்டும். வாரம் ஒருமுறையாவது யாராவது உள்ளே இறங்கி, தண்ணீர் எங்கே சொட்டுகிறது என்று பார்க்க வேண்டும். தோட்டம் வைத்திருக்கும் நம் ஆட்களுக்கோ அது ஆடிப்பட்டம், விதைப்பை விட்டுவிட்டுக் கொச்சிக்கு ஓட முடியாது. கறவை மாடு கட்டினவர் வெளியூர்க் கல்யாணத்தில் இரண்டு நாள் தங்க யோசிப்பதைப் போலத்தான் மரப் படகுக்காரரும். சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம்தான். ஆனால் முதல் சொட்டைக் கவனித்து உடனே அடைக்கும் ஆள், படகை நேசிக்கும் ஆளாக இருக்க வேண்டும்.

அதனால் என் தீர்ப்பு இப்படி. வருடத்துக்கு மூன்று, நான்கு முறை போய் வருகிறவர், மற்ற நாளெல்லாம் ஊரில் இருக்கிறவர் என்றால் எபாக்சி மரப் படகு. உள்ளே மரத்தின் குளுமையும் அமைதியும் இருக்கும், வெளியே ஃபைபரின் பொறுமை இருக்கும். கட்டச் செலவு கூடும், பழையது கிடைப்பது அரிது, ஆனாலும் காத்திருந்து வாங்கத் தகுந்தது. பணம் அளவாக இருந்து, அடுத்த சீசனே கடலில் இருக்க வேண்டும் என்றால் நல்ல பழைய ஃபைபர். பழைய முறை மரப் படகு, படகிலேயே குடியிருக்கப் போகிறவருக்கு. ஒரு வருடமோ இரண்டு வருடமோ வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிற தம்பதிக்கு அதைவிட நல்ல துணை இல்லை என்றே நான் நம்புகிறேன். தினமும் தண்ணீர் ஊற்றி, தினமும் தொட்டுப் பார்த்து, உளியும் பஞ்சும் கையில் வைத்திருப்பவருக்கு அது எந்தத் தீவிலும் சரியாகும்.

அண்ணனுக்கு எபாக்சியைத்தான் சொன்னேன். அவர் இன்னும் மரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மரமே வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் படகை அக்டோபரில் போய்ப் பாருங்கள், மழைக்காலம் விட்டுச் சென்றது அப்போதுதான் கண்ணில் படும். மெல்லிய திருப்புளியை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்தளமும் பக்கமும் சேரும் ஓரம், பின்பலகையின் மூலைகள், பாய்மரத்தின் அடிக்கட்டை உட்காரும் இடம், பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளைப் பூட்டும் பட்டைகளுக்குப் பின்புறம், இவ்வளவையும் குத்திப் பாருங்கள்; முனை எதிர்ப்பில்லாமல் இறங்கினால் அங்கே மரம் இல்லை. பிறகு கால்தளத்தைத் தூக்கி, வங்குகளுக்கு அடியில் தண்ணீர் ஓட விட்டிருக்கும் துளைகளில் விரலை விடுங்கள். அவை சேறும் மரத்தூளும் அடைத்துக் கிடந்தால் விலை பேசாமல் கரையேறிவிடுங்கள்.