கராஜுக்கு ஒரு மலிவு மடிக்கணினி: பாவித்த திங்பாட் எக்ஸ்230, எட்டு மாதங்களுக்குப் பின்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் நாங்கள் நடத்திவரும் கராஜ் இரண்டு கார்களுக்கு மேல் கொள்ளாத சிறிய இடம். இன்னமும் மாதத்துக்கு ஒரு மொரிஸ் மைனராவது அங்கே வந்து நிற்கும். அதற்குக் கணினி எதுவும் வேண்டியதில்லை, பொனற்றைத் திறந்துவிட்டுக் காதைக் கொடுத்தால் அதுவே தன் நோயைச் சொல்லிவிடும். மற்ற நாட்களில் வருபவை அக்குவா, பிரியஸ், ஃபிட், வெசல் போன்ற ஹைபிரிட் வண்டிகள். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது என்பதால், இருந்த வண்டியையே திருத்தித் திருத்தி ஓட்டியவர்கள்தான் அதிகம். அந்த வண்டிகளின் பற்றரிகளுக்கும் பிரேக்குகளுக்கும் வயதேறிய பிறகு, ஒரு மடிக்கணினி இல்லாமல் தொழில் செய்ய முடியாது என்ற நிலை எங்களுக்கும் வந்தது.

கைபேசி போதாதா என்று பலர் கேட்பார்கள். செக் லைட் எரிவதற்கான குறியீட்டை வாசிக்கவும் அழிக்கவும் மட்டும் என்றால், ஈ.எல்.எம்327 வகை புளூடூத் கருவி ஒன்றும் கைபேசியும் தாராளமாகப் போதும். சொந்தக் காரை மட்டும் பார்த்துக்கொள்ள நினைப்பவர் இந்தக் கட்டுரையை இத்துடன் நிறுத்திவிட்டுப் பணத்தை மிச்சப்படுத்தலாம். ஆனால் பிரியஸின் பிரேக் தொகுதியைத் திருத்திய பின் காற்றை வெளியேற்றுவதற்கும், ஃபிட் ஹைபிரிட்டின் இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டிக்குக் கிளட்ச் தொடும் புள்ளியை மறுபடி பழக்குவதற்கும் நிறுவனத்தின் மென்பொருளோ அதற்கு நிகரான வேறொன்றோ வேண்டும். அவை பெரும்பாலும் விண்டோஸ் கணினியையே கேட்கின்றன.

கடைக்காரர்கள் கணினியை விற்கும் முறைக்கும் எங்கள் தேவைக்கும் இடையே உள்ள தூரம் முதல் நாளே தெரிந்துவிட்டது. யாழ்ப்பாண நகரத்தில் பாவித்த கணினிகள் விற்கும் ஒரு கடையில், "அண்ணை, இது ஐ-செவன், இதையே எடுங்கோ, வேகமா ஓடும்" என்று ஒரு தம்பி மிகுந்த அக்கறையுடன் காட்டினார். கராஜில் வேகம் பெரிய காரியமே அல்ல. வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து வரும் தரவு கணினிக்கு ஒரு துளி. பழைய வண்டிகளின் கே-லைன் கம்பியில் அது நொடிக்கு ஏறத்தாழ 10,400 பிட் வேகத்தில் ஊர்ந்துதான் வரும். பத்து ஆண்டுக்கு முந்திய எந்தச் செயலியும் அதைப் பார்த்துக்கொள்ளும். நாங்கள் பார்க்க வேண்டியிருந்தவை யூ.எஸ்.பி துவாரம், திரையின் உயரம், பற்றரி, எந்த விண்டோஸ் ஓடும் என்ற நான்கும்தான்.

மலிவாகக் கிடைக்கும் நெற்புக் எனப்படும் குட்டிக் கணினிகளை நாங்கள் கழித்ததற்குத் திரையே காரணம். அவற்றின் திரை 1024க்கு 600 புள்ளிகள். இந்த மென்பொருட்களின் சாளரங்கள் பெரும்பாலும் 768 வரி உயரத்தை எண்ணி அமைக்கப்பட்டவை என்பதால், "அடுத்து" என்ற பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். பிரேக்கின் காற்றை வெளியேற்றும்போது நடுவழியில் இப்படி நின்றவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். புதிதாக விற்கும் மலிவு மடிக்கணினிகளில் 64 ஜி.பி. சேமிப்பு மதர்போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. விண்டோஸ் புதுப்பிப்புகள் இரண்டு வந்தால் நிரம்பிவிடும், மாற்றவும் முடியாது. குரோம்புக்கில் இந்த மென்பொருட்கள் ஓடா. ஏ.ஆர்.எம் செயலியுள்ள விண்டோஸ் கணினிகளிலோ மென்பொருள் ஓடினாலும், வண்டியுடன் இணைக்கும் கேபிளை இயக்குவதற்கான டிரைவர் எனும் நிரல் ஏறாது. பானசோனிக் டஃப்புக் சி.எஃப்-19 மீது எனக்கு உண்மையான ஆசை இருந்தது. பழைய சீரியல் துவாரம் இருக்கிறது, கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் கேட்ட விலை எங்கள் கணக்கைப்போல் இரு மடங்கு, அதன் பற்றரியோ இங்கே சுலபத்தில் கிடைக்காது.

ஆகவே 2012இல் வெளிவந்த லெனோவோ திங்பாட் எக்ஸ்230 ஒன்றை, ஐ5 செயலி, 8 ஜி.பி. நினைவகம், 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி ஆகியவற்றுடன் 46,000 ரூபாவுக்கு எடுத்தோம். கம்பனிகள் மொத்தமாகக் கழித்துவிட்ட அலுவலகக் கணினிகள் இவை. வீட்டுப் பாவனைக்கு வந்த அதே வயதுடைய கணினிகளைவிட இவற்றின் கீல்கள் உறுதியானவை. திரை 12.5 அங்குலம், 1366க்கு 768 புள்ளிகள். எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ என்பதால் ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் இடையில் அடங்கிவிடுகிறது. 15 அங்குலக் கணினியை அக்குவாவின் ஓட்டுநர் இருக்கையில் வைத்துக்கொண்டு வேலை செய்து பார்த்தவருக்கு இது சிறிய விடயமாகத் தோன்றாது. விசைப்பலகையில் ஊற்றும் நீர் அடியில் வழிந்து போக வடிகால் துளைகள் இருக்கின்றன. ஒருமுறை தேநீர் கொட்டியது. கணினி பிழைத்துக்கொண்டது, என் மச்சான்தான் அன்று முழுவதும் ஏச்சு வாங்கினார்.

இக்கணினியின் உண்மையான பெறுமதி வலப்பக்கத்திலுள்ள ஒற்றை யூ.எஸ்.பி 2.0 துவாரம். இடப்பக்கத்திலுள்ள இரண்டும் யூ.எஸ்.பி 3.0. டொயோட்டா வண்டிகளைக் கணினியுடன் இணைக்கச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மினி வி.சி.ஐ கேபிள் எங்களுடையதில் 3.0 துவாரத்தில் சில வேளைகளில் வண்டியைக் காணவில்லை என்று சொல்லும், 2.0 துவாரத்தில் அப்படி ஒருபோதும் சொன்னதில்லை. அந்தக் கேபிளுக்குள் இருக்கும் எஃப்.டி.டி.ஐ நிறுவனத்தின் சிப் அசலானதாக இருப்பது அரிது. 2014இல் அந்நிறுவனம் விண்டோஸ் புதுப்பிப்பு வழியே அனுப்பிய டிரைவர் ஒன்று போலிச் சிப்களின் அடையாள எண்ணையே பூச்சியமாக்கி அவற்றைக் கணினிகள் இனங்காணாதபடி செய்துவிட்டது. அதனால் கேபிள் ஒழுங்காக வேலை செய்யும் கணினியை இணையத்தில் இணைத்துப் புதுப்பிக்கவிடுவது, நன்றாக ஓடும் எஞ்சினைக் கழற்றிப் பார்ப்பது போன்ற வேலை. மேலும் அந்தக் கேபிளுடன் வரும் சீ.டியில் உள்ளது உரிமம் இல்லாத மென்பொருள் என்பதையும், அதற்குள் வேறு என்னென்ன ஒட்டிக்கொண்டு வருகின்றன என்பதற்கு யாரும் பொறுப்பில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பவர் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போடுகிறார்.

மினி வி.சி.ஐ கேபிளின் டிரைவர் 32 பிட் விண்டோஸை மனதில் வைத்து எழுதப்பட்டது. 64 பிட்டில் அதன் நிறுவல் நிரல் முரண்டு பிடிக்கும். கோப்புகளைக் கையால் பிரதிசெய்து, விண்டோஸ் பதிவேட்டில் ஜே2534 கருவிகளுக்கான (காரையும் கணினியையும் பேசவைக்கும் பொது நெறி அது) கிளையைத் தானே உருவாக்க வேண்டிவரும். அந்த வம்புக்கு நான் போகவில்லை. எஸ்.எஸ்.டியை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் விண்டோஸ் 7இன் 32 பிட் பதிப்பையும் மற்றதில் விண்டோஸ் 10இன் 64 பிட் பதிப்பையும் ஏற்றிவிட்டேன். விண்டோஸ் 7க்குரிய ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது, விண்டோஸ் 10க்கு 2025 ஒக்ரோபர் 14இல் முடிந்துவிட்டது, இந்தச் செயலியோ விண்டோஸ் 11இன் தகுதிப் பட்டியலில் இல்லை. ஆகவே வலையமைப்பிலிருந்து விலக்கிவைத்துத்தான் இதைப் பாவிக்க வேண்டும். கராஜுக்கு அது குறையே அல்ல. எல்லாம் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் முழு வட்டின் நகல் ஒன்றை வேறொரு வட்டில் எடுத்து வைத்ததே நான் செய்த ஒரே புத்தியான காரியம். இரண்டு முறை அது என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

கே-லைன் வண்டிகளுடன் இணைப்பு அடிக்கடி அறுந்தால் கேபிளைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். விண்டோஸில் சாதன மேலாளரைத் திறந்து, கேபிளின் கொம் துவாரத்துக்குரிய மேம்பட்ட அமைப்பில் லேட்டன்சி டைமர், அதாவது தரவைக் கணினிக்கு அனுப்பக் காத்திருக்கும் நேரம், 16 மில்லிவினாடியில் இருந்தால் அதை 1 ஆகக் குறைக்க வேண்டும். எங்களிடம் வந்த பழைய கொரொல்லா ஒன்று இந்த ஒரு எண்ணை மாற்றியதும் பேசத் தொடங்கியது. அதேபோல் யூ.எஸ்.பி மின்சாரத்தைச் சேமிக்கும் அமைப்பையும், மூடியை மூடினால் உறங்கிவிடும் பழக்கத்தையும் நிறுத்திவைக்க வேண்டும். நீட்டிப்புக் கேபிள் போட்டு எட்ட நின்று பார்க்க விரும்புகிறவர்கள் மொத்த நீளத்தை 5 மீற்றருக்கு மேல் கொண்டு போகக் கூடாது.

இனிக் குறைகள். முதலாவது பற்றரி; அதில்தான் நான் பட்டேன். வாங்கும்போது இருந்த பற்றரி இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை. வேறொரு கடையில் புதிய பற்றரி என்று தந்ததைப் போட்டபோது, இந்தக் கணினியால் ஏற்கப்படாத பற்றரி, சார்ஜ் ஆகாது என்று திரையில் எழுத்து வந்து நின்றது. இந்த வரிசைக் கணினிகளின் பயோஸ் எனும் அடிப்படை நிரல் அசலல்லாத பற்றரிகளை ஏற்க மறுக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. கடைக்காரருக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது என்பதால் இருவரும் அரைநாள் சார்ஜரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். பணம் திரும்பி வரவில்லை, பதிலுக்கு ஒரு மவுஸ் கிடைத்தது. கடைசியில் கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வேலை செய்யும் உறவினர் ஒருவர் வேறொரு எக்ஸ்230இலிருந்து கழற்றிய நல்ல நிலையிலுள்ள அசல் பற்றரியை பஸ்ஸில் அனுப்பிவைத்தார். இப்போது இரண்டே கால் மணி நேரம் ஓடுகிறது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் புதிய நிரலை எழுதும் வேலையை எடுப்பவர் இதைச் சிறிதாக எண்ணக் கூடாது. எழுதும்போது நடுவில் மின்சாரம் போனால் அந்தப் பெட்டி செத்த பெட்டியாகிவிடலாம். கணினிக்கு நல்ல பற்றரியும், காரின் 12 வோல்ட் பற்றரிக்கு நிலையான சார்ஜரும் இல்லாமல் அந்தப் பொத்தானை அழுத்த எனக்கு மனம் வராது.

இரண்டாவது குறை திரையின் ஒளி. சாதாரணத் திரை உள்ள இக்கணினியை மே மாதத்துக் கத்திரி வெயிலில் வெளியே கொண்டு வந்தால் எழுத்துக்குப் பதிலாக என் முகமே தெரியும். பக்கத்திலிருந்து பார்க்கும்போதும் நிறம் மாறுகிறது, ஐ.பி.எஸ் திரையுள்ளது கிடைத்தால் அதற்கு ஐயாயிரம் கூடக் கொடுக்கலாம். மூன்றாவது எங்கள் வலிகாமத்துச் செம்மண். விசிறியின் துவாரத்தில் நான்கு மாதத்திலேயே சிவந்த பஞ்சு போல அடைந்து கணினி கொதித்தது. கணினியைப் பிரித்துத் தூரிகையால் சுத்தம் செய்ததும் அடங்கியது. மழைக்காலத்தில் இந்தத் தொல்லை இல்லை.

திரை ஒளி குறைந்ததென்றாலும், பிரியஸின் பற்றரி பார்க்கும்போது அது நன்றாகக் கைகொடுக்கிறது. மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் பற்றரியில் மொடியூல் எனும் சிறு பற்றரிகள் 28, இரண்டிரண்டாக 14 தொகுதிகளில் இருக்கும், மொத்தம் 201.6 வோல்ட். வண்டியை ஓட்டிக்கொண்டே போக, 14 தொகுதிகளின் வோல்ட் அளவும் ஒரே திரையில் நிரையாக நிற்கும்போது, முடுக்கியை மிதித்ததும் மற்றவற்றைவிட ஒரு தொகுதி மட்டும் சடாரென்று இறங்குவதை வாகன உரிமையாளர் தன் கண்ணாலேயே கண்டுவிடுகிறார். "முழுப் பற்றரியும் மாற்ற வேண்டும்" என்று வேறிடத்தில் சொல்லப்பட்டு பி0ஏ80 என்ற ஹைபிரிட் பற்றரிக் கோளாறுக் குறியீட்டுத் தாளுடன் வந்த ஒருவருக்கு, ஒரு தொகுதியிலுள்ள மொடியூல்களை மட்டும் மாற்றித் தற்காலிகமாக ஓடலாம் என்றும், மற்றவையும் அதே வயதுடையவை என்பதால் அது நிரந்தரமல்ல என்றும் திரையைக் காட்டிச் சொல்ல முடிந்தது. முடிவை அவரே எடுத்தார்.

கணினி வாங்கிய கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று மாத உத்தரவாதம் தந்தார்கள். பற்றரியும் சார்ஜரும் அதில் சேராது என்பதைப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். இரண்டாவது மாதத்தில் விசைப்பலகையின் ஒரு விசை நின்றபோது அன்றே மாற்றித் தந்தது அவர்களுடைய நல்ல குணம். சுன்னாகத்தில் கராஜ் வைத்திருக்கும் மச்சானுக்கு இதே ரகத்தில் இன்னொன்று எடுக்க அதே கடைக்குப் போனோம். இம்முறை கேபிளையும் கொண்டு போய், கடை வாசலில் நிறுத்தியிருந்த மச்சானின் அக்குவாவில் ஒவ்வொரு யூ.எஸ்.பி துவாரமாகச் செருகி, பற்றரியில் மட்டும் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். முதலாவது கணினி பன்னிரண்டு நிமிடத்தில் அணைந்தது. இரண்டாவதை 43,000 ரூபாவுக்கு எடுத்துக்கொண்டு வந்தோம்.