ஆரிலிருந்தே லேட்டெக்: டைனிடெக்கோடு சில வருடங்கள்

புள்ளிவிவர அறிக்கைகள் தயாரிப்பது என் வேலை. கணக்கெல்லாம் புள்ளிவிவரத்துக்கான ஆர் நிரல்மொழியில், அச்சுக்குப் போகும் கோப்பு, கட்டளைகளாக எழுதிப் பக்கங்களை அமைக்கும் லேட்டெக்கில். முன்பு ஆர் எழுதும் மென்பொருளான ஆர்ஸ்டூடியோவுக்கும் லேட்டெக்கை ஓட்டும் டெர்மினலுக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டிருந்தேன். யிஹுய் சியே உருவாக்கிய டைனிடெக் (லேட்டெக்கின் சிறு தொகுப்பும் அதை ஆரிலிருந்து இயக்கும் பேக்கேஜும்) வந்தபிறகு, ஆர் கன்சோலில் ஒரே வரியில் பிடிஎஃப் கைக்கு வந்துவிடுகிறது.

லேட்டெக்கை ஒரு தடவை ஓட்டினால் போதாது. முதல் ஓட்டத்தில் பக்க எண்கள், அட்டவணை எண்களை ஆக்ஸ் என்ற துணைக் கோப்பில் குறித்துவைக்கும். அடுத்த ஓட்டத்தில்தான் அதைப் படித்துப் பொருளடக்கத்தை நிரப்பும். நடுவில் மேற்கோள் நூற்பட்டியலைத் தயாரிக்கும் பிப்டெக் வேறு. டைனிடெக்கின் லேட்டெக்எம்கே ஃபங்ஷன் எண்கள் நிலைக்கும்வரை தானே திரும்ப ஓட்டுகிறது. சும்மா விட்டால் 10 தடவை வரை. இது பெரிய விஷயமில்லை, ஆரோடு வரும் டூல்ஸ் பேக்கேஜிலும் இந்த வசதி உண்டு. என்னைக் கட்டிப்போட்டது வேறு. ஏதாவது ஸ்டைல் கோப்பு இல்லாமல் கம்பைல் (பிடிஎஃப் ஆக்கும் ஓட்டம்) நின்றால், ஓட்டக் குறிப்பான லாக் கோப்பைப் படித்து, அந்த ஸ்டைல் கோப்பு லேட்டெக்கின் பெரிய தொகுப்பான டெக் லைவில் எந்தப் பேக்கேஜுக்குள் இருக்கிறது என்று தேடி, இறக்கி, மறுபடி ஓட்டிவிடும். அதனால் பல ஜிபி பிடிக்கும் முழு டெக் லைவ் தேவைப்படவில்லை. அட்மின் அனுமதியும் வேண்டாம். அலுவலகக் கணினியில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்! புது டெம்ப்ளேட்டை முதன்முறை ஓட்டும்போது மட்டும் இணையமும் பொறுமையும் வேண்டும்.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க: எதுவும் சொல்லாவிட்டால் பிடிஎஃப்லேட்டெக் என்ற எஞ்சின்தான் ஓடும், தமிழ் எழுத்தைப் பார்த்ததும் எரர் போடும். எஞ்சின் ஸீலேட்டெக் என்று குறிப்பிட வேண்டும். எழுத்துருவைத் தேர்வு செய்யும் ஃபாண்ட்ஸ்பெக் பேக்கேஜில் எழுத்துருவோடு ஸ்கிரிப்ட் தமிழ் என்பதையும் சேர்க்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இன்னொரு எஞ்சினான லுவாலேட்டெக் என்றால், எழுத்துகளை அடுக்கும் ரெண்டரர் ஹார்ஃப்பஸ் என்றும் சொல்ல வேண்டும். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவோடு ஸீலேட்டெக், என் வழி அதுதான்.

எரர் வந்தால் டைனிடெக் ஆச்சரியக்குறியில் தொடங்கும் வரிகளை மட்டும் காட்டும். பெரும்பாலும் அது போதும். போதாதபோது வெர்போஸ் ஆப்ஷனை இயக்கிவிட்டு முழு லாகையும் பார்ப்பேன். கம்பைல் வெற்றி பெற்றால் துணைக் கோப்புகளை அழித்துவிடுவது எனக்குப் பிடிக்காது. கிளீன் ஆப்ஷனை அணைத்தே வைத்திருக்கிறேன். விண்டோஸில் சில பிடிஎஃப் ரீடர்கள் கோப்பைப் பூட்டிக்கொள்ளும், கம்பைல் கவிழும். சுமத்ரா என்ற ரீடரில் அந்தத் தொல்லை இல்லை.

உண்மையான எரிச்சல் வருடத்துக்கு ஒருமுறை வரும். டெக் லைவின் புதுப் பதிப்பு வெளியானதும், பழைய பதிப்பில் இருப்பவருக்குப் புதிய பேக்கேஜ் எதுவும் இறங்காது. டைனிடெக்கை மறுபடி நிறுவச் சொல்லி ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, ஏற்கெனவே இருந்த பேக்கேஜ்களையும் சேர்த்தே கொண்டுவந்துவிடும். ஆனால் அறிக்கை கொடுக்கும் வாரத்தில் இதைத் தொடவே மாட்டேன். யூட்டா பல்கலைக்கழகக் கணிதத் துறையின் சர்வரில் பழைய பதிப்புகளின் இறுதி நிலை அப்படியே கிடக்கிறது. பேக்கேஜ்களை இறக்கும் ரெப்போ முகவரியை அங்கே திருப்பி வைத்துவிட்டு வேலையை முடிப்பேன்.

ஆர் பக்கமே வராத கூட்டாளிகளுக்கு இதைச் சிபாரிசு செய்வதில்லை. அவர்களுக்கு முழு டெக் லைவ்தான் சரி. அவர்களுக்காகவே கணக்கையும் உரையையும் நிட்டர் என்ற ஆர் பேக்கேஜில் ஒன்றாகக் கலக்காமல், அட்டவணைகளைத் தனிக் கோப்புகளாக எழுதி லேட்டெக் கோப்பில் இன்புட் செய்கிறேன்.